ஈர்ப்பும் பேரண்ட விரிவும்

பேரண்டம் விரிதலுஞ் சுருங்கலுமின்றி ஒரு நிலையில் நிற்பதென்னுங் கொள்கை ஐரோப்பிய அறிஞரிடை நெடுங்காலம் ஆராயப்படாமலே நின்றது. பொருள்கள் யாவும் ஒன்றையொன்று ஈர்க்குமென நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் நிறுவினார். அங்ஙனமாயின் விண்மீன்களெல்லாம் ஓரிடத்து வீழ்ந்து திரளாமை என்னை? இதுபற்றி வினாவிய பெண்ட்லி என்பார்க்கு 1692-93-இல் விடையெழுதிய நியூட்டன், எல்லையில்லா வெளியிற் பொருள் ஒப்பப் பரந்திருப்பின் அனைத்தும் ஓரிடத்து வீழா என்றனர். ஆயினும் அச்சமநிலை எண்ணிறந்த ஊசிகள் தத்தம் முனைமேல் நிற்றலை ஒக்கும் அருமையுடைத்தென்பதையும் உடன்பட்டனர்.

ஈர்ப்பாவது பொருளும் ஆற்றலும் இடத்தையுங் காலத்தையும் வளைத்தலின் விளைவென 1915-இல் ஐன்ஸ்டீன் வேறொரு விளக்கந் தந்தார். 1917-இல் அவர் தம் சமன்பாடுகளைப் பேரண்டம் முழுமைக்கும் பொருத்தியபோது, அவை நிலைத்த அண்டத்தைத் தந்தில. அண்டம் நிலைத்ததே என்னுந் துணிபினால், ஈர்ப்பை எதிர்க்குமொரு புதிய உறுப்பை அவர் சேர்த்தார். 1922-இல் உருசிய நாட்டுப் பிரீட்மன் அண்டம் விரியவுங் கூடுமெனக் கணித்துக் காட்ட, அதனைப் பிழையென்றார். மறுவாண்டே கணிதம் சரியென ஒப்பினார். 1927-இல் பெல்ஜிய நாட்டுக் குரு லெமேத்ர் அவ்விரிவை விண்மீன் பேரடுக்குகள் விலகிச் செல்லுதலோடு இயைத்தார். 1929-இல் அமெரிக்காவின் மௌண்ட் வில்சன் வானாய்வகத்து ஹப்பிள், தொலை இருமடங்காயின் அகலும் விரைவும் இருமடங்காதலைக் காட்டினார். ஐன்ஸ்டீன் வகுத்த நிலைத்த அண்டம் சிறிது அசையினும் குலையுமென 1930-இல் எடிங்டன் நிறுவ, 1931-இல் ஐன்ஸ்டீன் தாம் சேர்த்த உறுப்பைக் கைவிட்டார்.

இனி, ஈர்ப்பு விரிவிற்குப் பகையோவெனின், அற்றன்று. மேலெறிந்த கல் ஈர்ப்பினால் விரைவு குன்றியும் மேற்செல்லும், பின்னர் வீழும், அந்தரத்தில் அசையாது நின்றுவிடாது. பேரண்டமும் அத்தகைத்தே. ஈர்ப்பு விலக்குவது நிலைபேற்றையன்றி விரிவையன்று. பொருள் செறிந்தவிடத்து ஈர்ப்பே மேம்படும். ஆதலின் ஞாயிற்றைச் சூழுங் கோள்களும், நம் பேரடுக்கின் மீன்களும் விரிவிற்பட்டு அகன்றில. ஆந்திரமேடைப் பேரடுக்கு நம்மை நோக்கி அணுகுகின்றது.

விரிவின் விரைவை ஈர்ப்புக் குன்றச் செய்யுமென்றே பலரும் எண்ணியிருக்க, 1998-இல் இரு ஆராய்ச்சிக் குழுவினர் தொலைவில் வெடித்த விண்மீன்களை அளந்து, அவ்விரைவு மிகுதலைக் கண்டனர். கைவிட்ட உறுப்பு மீண்டும் வேண்டப்பட்டது. அது குறிக்கும் ஆற்றலின் இயல்பு இன்னுந் தெளியப்படவில்லை.

கருதலளவையாற் பெறப்பட்டது பின்னர்க் காண்டலளவையால் உறுதியுற்றது. இடைநின்று மறைத்தது கணிதத்தின் குறையன்று. ஆராயாது கொண்ட துணிபே.