பித்தநீரில் பிழைத்தவை

1900-ஆம் ஆண்டில் பித்தநீரைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஜெர்மனியில் ஃப்ரெட் நியூஃபெல்ட், நிமோனியாக் கிருமி வளர்ந்து கலங்கியிருந்த திரவத்தில் பித்தநீரைச் சேர்த்தார். கிருமிகள் கரைந்து திரவம் தெளிந்துவிட்டது. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் மெக்கான்கி, பித்த உப்பு கலந்த ஊடகத்தில் குடல் கிருமிகளை வளர்த்துக் காட்டினார். அங்கே கொன்ற சரக்கு இங்கே வாழவிட்டது. மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் மீடியா காய்ச்சியே ஓய்வு பெற்றவன் நான். என் சோறு இந்த வித்தியாசத்தில்தான் வெந்தது.

மெக்கான்கி டாக்டர் தொழிலை விட்டு கிருமி ஆய்வுக்கு வந்தவர். கழிவுநீர் பற்றிய ராயல் கமிஷனுக்காக லிவர்பூலில் வேலை பார்த்தார். சாக்கடை நீரைச் சாதாரண அகரில் தடவினால் கண்டதெல்லாம் முளைக்கும். மலத்திலிருந்து வந்த கிருமி அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். அவர் யோசனை எளிமையானது: குடல் கிருமி பித்தத்திலேயே குளித்து வாழ்கிறது, ஆகவே ஊடகத்திலும் பித்தத்தைச் சேர்த்துவிடு. மற்றவை பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். 1902-இல் கிரூன்பாமும் ஹ்யூமும் நியூட்ரல் ரெட் சாயத்தைக் கொண்டுவந்தார்கள். 1905-இல் மெக்கான்கியின் விரிவான கட்டுரை வந்தது.

நாங்கள் காய்ச்சிய பழைய கணக்கில் லிட்டருக்கு 20 கிராம் பெப்டோன், 5 கிராம் சோடியம் டாரோகோலேட். இந்த இரண்டாவது பொடிதான் பித்த உப்பு. எடை போடும்போது மூக்கில் ஏறினால் தும்மல் அடங்காது, தொண்டைவரை கசக்கும். மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தால் ஊடகத்திலுள்ள லாக்டோஸைப் புளிக்கவைத்த ஈ.கோலி, நியூட்ரல் ரெட் சாயமேறி ரோஜா நிறத்தில் உட்கார்ந்திருக்கும். டைபாய்டுக் கிருமி நிறமில்லாமல் வெளிறிக் கிடக்கும். அந்த வெளிறிய காலனியைத்தான் நாங்கள் தேடுவோம்.

ஏன் இப்படி? பித்த உப்பு சீயக்காயைப் போல ஒரு பக்கத்தால் நீரையும் மறுபக்கத்தால் கொழுப்பையும் பிடிக்கும். கிருமியின் சவ்வே கொழுப்பால் ஆனதுதான். ஈ.கோலி போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. மெக்னீசியமும் கால்சியமும் இறுக்கிக் கட்டிய லிப்போபாலிசாக்கரைடு அதன் மேல் நிற்கிறது. அதைத் தாண்டி நுழைந்த கொஞ்சத்தையும் கிருமி பம்ப் செய்து வெளியேற்றிவிடும். கிராம் பாசிட்டிவ் கிருமிக்கு அந்த வெளிச்சவ்வு கிடையாது. நியூஃபெல்டின் கிருமியோ இன்னும் பரிதாபம்: பித்தம் பட்டதும் அதன் சொந்த நொதியே முடுக்கப்பட்டு அதன் சுவரை அறுக்கிறது. விதிவிலக்கும் உண்டு. என்டரோகாக்கஸ் கிராம் பாசிட்டிவ்தான், ஆனால் குடல்வாசி; எங்கள் தட்டில் சின்னச் சின்னதாக முளைத்து மாணவர்களைக் குழப்பும்.

காரணம் தெரியவந்தது மிகவும் பின்னால். 1935-இல் சல்ஃபா மருந்து தந்த டோமாக், அதே ஆண்டில், பித்த உப்பைப் போலவே நீரையும் கொழுப்பையும் பிடிக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் கிருமிநாசினிகளையும் அறிமுகப்படுத்தினார். அவை சவ்வைப் பதம்பார்க்கும் விதம் 1947-இல் புலப்பட்டது. கேலும் டெய்லரும் அந்த என்டரோகாக்கஸ் மீதே டிடர்ஜென்ட் வகைப் பொருள்களைப் போட, கிருமி சேர்த்துவைத்த அமினோ அமிலங்கள் வெளியே கசிந்தன. 1965-இல் லொரெட்டா லீவ், அந்த மெக்னீசியக் கால்சியக் கட்டை அவிழ்க்கும் ஈ.டி.டி.ஏ.வால் ஈ.கோலியின் லிப்போபாலிசாக்கரைடில் ஒரு பகுதியைக் கழற்றினார். அதுவரை உள்ளே போகாத ஆக்டினோமைசின் என்ற மருந்து உள்ளே போயிற்று.

சவ்வைப் பதம்பார்க்கும் இதே வேலையைக் கொழுப்பு அமிலங்களும் செய்யும். 1972-இல் கபாராவின் குழு சோதித்தவற்றில் 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம் கிராம் பாசிட்டிவ் கிருமிகளிடம் வலுவாக நின்றது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். உடனே வாட்ஸ்அப்பில் வைத்தியம் கிளம்பிவிடுகிறது. எண்ணெயில் அந்த அமிலம் கிளிசராலோடு கட்டுண்டு கிடக்கிறது. பிரிந்தால்தான் வேலை செய்யும். பிரிந்தாலும் டைபாய்டுக் கிருமியின் வெளிச்சவ்வு அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எண்ணெயைத் தாளிக்க வையுங்கள், காய்ச்சலுக்கு டாக்டரிடம் போங்கள்.

மெக்கான்கி 1931-இல் காலமானார். கேலின் ஆய்வுக்கு இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. இன்று டப்பாவில் வரும் பொடியில் கிரிஸ்டல் வயலெட் சேர்ந்திருக்கிறது, பித்த உப்பு லிட்டருக்கு 1.5 கிராமாகக் குறைந்திருக்கிறது. பெயர் இன்னும் மெக்கான்கி அகர்தான்.