மாத்தளை வழியும் அடிக்கணக்கும்

கொல்ஃப் ஆட்டத்தில் இருவகைப் போட்டிகள் உள. ஒன்றில் குழிதோறும் வெற்றி தோல்வி தீர்க்கப்படும். மற்றொன்றில் முதற்குழி தொடங்கி இறுதிக்குழி வரை அடித்த அடிகள் யாவும் கூட்டப்பெறும். குறைந்த தொகை பெற்றவரே வெற்றியாளர். 1860-ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் பிரெஸ்ட்விக் திடலில் எண்மர் ஆடிய முதல் ஓபன் போட்டி இவ்விரண்டாம் முறையிலேயே நடைபெற்றது. 36 குழிகளை 174 அடிகளில் முடித்த வில்லி பார்க் வாகை சூடினார்.

பிரித்தானியருடன் இவ்வாட்டம் இலங்கைக்கும் வந்தது. 1879-இல் கொழும்பிலும், 1889-இல் நுவரெலியாவிலும் கழகங்கள் தோன்றின. தோட்டத்துரைமாரும் உத்தியோகத்தரும் அவற்றில் ஆடினர்.

துரைமாரின் செல்வம் மலைநாட்டில் விளைந்தது. அதனை விளைவித்தோர் வந்த வழி மாத்தளை வழி. தமிழகத்து வறண்ட ஊர்களினின்று புறப்பட்டோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே கால்நடையாகத் தம்புள்ளை கடந்து மாத்தளை சேர்ந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்தம் தொகையைச் சரிவரக் குறித்த ஏடு இல்லை. 1880-இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டி வந்தபோது, தலைமுறைகள் அவ்வழியே நடந்துவிட்டன.

ஆடுவோர் தவறவிட்ட அடியையும் விடாது எண்ணுவது கொல்ஃப். நடந்தோரின் அடிகளையோ எவரும் எண்ணவில்லை. பிற்காலத்தில் தங்கராஜா, பிரபாகரன் ஆகிய தமிழ்ப் பெயர்கள் இலங்கையின் தொழில்முறை ஆட்டக்காரர் வரிசையில் இடம்பெற்றன. அந்த ஆட்டத்தின் கணக்கேட்டில் தமிழ்ப் பெயரும் ஏறிற்று. மாத்தளை வழியின் ஏடு மட்டும் இன்றும் எழுதப்படாதே கிடக்கின்றது.