காய்ச்சல் கற்பித்த காப்பு

1934இல் மழை பொய்த்தது. மேற்கிலங்கை ஆறுகள் குட்டைகளாய்த் தேங்க, அனோபிலிஸ் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளைச் சூறையாடிய மலேரியா, 1935 முடியுமுன் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது.

காய்ச்சல் ஆண்டுதோறும் வந்துபோகும் உலர்வலயமோ (நம் மட்டக்களப்பும் அதனுள் அடங்கும்) அத்துணை வதைபடவில்லை. காரணம் யாது? மீண்டும் மீண்டும் நோயுற்றுத் தேறியோர் உடலில் எதிர்ப்பாற்றல் ஊறியிருந்தது. தலசீமியா மரபணுவும் ஒரு காவலே: பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவின் கடுமையைத் தணிக்கும், இருவரிடமிருந்தும் வந்தால் பிள்ளையின் குருதியையே கெடுக்கும்.

இதனை இயற்கையின் கொடை என்போர் உளர். தேறாமற்போன குழந்தைகளை அவர்கள் எண்ணிப் பார்த்தனரா? கேகாலை மக்களைக் கொன்றதில் நுளம்போடு பட்டினிக்கும் பங்குண்டு. அதனாலன்றோ சூரியமல் இயக்கத் தோழர்கள் கொயினா மருந்தோடு உணவும் சுமந்து சென்றனர்!