ஸ்னோ ஃபால்
நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2012 டிசம்பரில் இணையத்தில் வெளியிட்ட பல்லூடகச் செய்திக் கட்டுரை. எழுதியவர் ஜான் பிராஞ்ச். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரின் டன்னல் கிரீக் பகுதியில் 2012 பிப்ரவரி 19 அன்று நேர்ந்த பனிச்சரிவில் சறுக்கு வீரர்கள் மூவர் மாண்டதை ஆறு பகுதிகளில் விவரிக்கிறது. பக்கம் திறந்ததும் முகப்புப் படத்தில் காற்று பனித்துகளை வாரிக்கொண்டு போகிறது. கீழே உருட்ட உருட்ட, மலை முப்பரிமாணத்தில் விரிகிறது. சரிவின் பாய்ச்சல் அசைபடமாக ஓடுகிறது. பிழைத்தவர்கள் காணொளியில் பேசுகிறார்கள். படங்களை ஒட்டவைத்த அலங்காரம் என்று தோன்றாமல், வாசிப்பின் போக்கிலேயே அவை வந்து சேருவதுதான் இதன் சிறப்பு. 2013இல் சிறப்புக் கட்டுரைக்கான புலிட்சர் பரிசு பெற்றது. பின்வந்த போலிகள் பலவற்றில் ஜோடனையே மிஞ்சியது.