ஒரு பைசாவும் ஒரு மேடையும்

இசைக் கம்பெனிகளின் தயவின்றிக் கலைஞர்களே தம் இசையை வெளியிடுவது ஜாஸ் உலகுக்குப் பழைய செய்தி. 1952இல் நியூயார்க்கில் சார்லஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் டெபியூ ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைச் சொந்தமாகத் தொடங்கினார்கள். கிதார், பேஸ், டிரம்ஸ் என மூவர் மட்டும் கூடி வாசிக்கும் சிறு குழுக்கள் இன்றும் அவ்வழியில் தம் இசைத் தொகுப்புகளை வெளியிடுகின்றன. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே பாட்டென்றாலே சினிமாப் பாட்டு என்றாகிவிட்டது. அதற்கு வெளியே நின்று பாடுபவனுக்குக் கம்பெனி மட்டுமல்ல, காதுகளும் அரிது.

இதன் சுமையை முழுமையாகச் சுமந்தது வடசென்னையின் கானா. துறைமுகமும், 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையமும், பெரம்பூரின் பின்னி ஆலைகளும் ஈர்த்துவந்த உழைப்பாளர்களின் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு அது. சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து, இறந்தவனின் வாழ்வை உறவினர் முன்னிலையில் பாடுவது அதன் முதன்மையான வடிவம். தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் கானா மெட்டு திரையை நிறைத்தது. ‘சித்திரம் பேசுதடி’யில் (2006) கானா உலகநாதனும், ‘அட்டகத்தி’யில் (2012) கானா பாலாவும் தம் குரலோடு திரையில் ஒலித்தார்கள். ஆயினும், என்ன பாடலாம் என்பதைக் கதையின் தேவையே தீர்மானித்தது. சாவையும் காதலையும் குடியையும் பாட இடமிருந்தது. சாதியைப் பாட இடமில்லை.

அந்த மௌனம் சிறிதல்ல. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளரும் சாதி இந்துத் தொழிலாளரும் எதிரெதிரே நின்றதில் புளியந்தோப்பு எரிந்தது. ஒரே ஆலைச் சங்குக்கு எழுந்தவர்களைச் சாதி பிரித்துப்போட்டது.

அதற்கு முன்பே, ‘சாதிபேதமற்ற’ என்ற அடையாளத்தை வலியுறுத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். பிறர் அச்சிடாததைத் தானே அச்சிட்டு, எளியவனும் வாங்கக்கூடிய விலையில் தந்தார் என்பதே அதன் வரலாற்று முக்கியத்துவம்.

அவரது கருத்திலிருந்து பெயர் பெற்ற ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு அது. கானா, ராப், ராக் மூன்றும் அதில் கலந்தன; பறையும் சட்டியும் கிதாருக்குப் பக்கவாத்தியமாக அல்ல, சமமாக ஒலித்தன. இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாடுபொருளாயின. சாவு வீட்டிலிருந்து புறப்பட்ட பாட்டு, சினிமாவின் கதைச்சூழலுக்குக் காத்திராமல் தன் பொருளைத் தானே தேர்ந்துகொண்டது.

பத்தொன்பது பேர் கொண்ட அக்குழுவில் ஒரே பெண், இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி. ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட கானாவில் நிலைத்த அவரை பிபிசி 2020இல் தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாடலுக்காக 2024 நவம்பரில் அவருக்கு மிரட்டல்கள் வந்தன. பாடி ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அச்சொற்களுக்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. திரைப்பாட்டில் பாடகர் பின்னே மறைந்துகொள்ளக் கதாபாத்திரம் ஒன்று உண்டு. சொந்தப் பாட்டில் அந்த மறைவிடம் இல்லை. சுதந்திர வெளியீட்டின் விலை அதுதான். கானா அதைத் தெரிந்தே கொடுத்திருக்கிறது.