நெறி கட்டிய உடலும் மண்டபம் முகாமும்

கவ்வாத்துக் காலத்தில் வெறுங்காலுடன் மலையேறுவோர் அனைவரும் அறிந்த அனுபவம் ஒன்றுண்டு. வெட்டிவிட்ட தேயிலைக் கட்டை காலைக் கீறிவிடும். அல்லது அட்டை கடித்த இடம் சொறிந்து சொறிந்து புண்ணாகும். இரண்டொரு நாளில், புண்ணுக்கு வெகுதூரத்தில், தொடை இடுக்கிலே நெல்லிக்காய் போல ஒரு வீக்கம் தோன்றும், தொட்டால் நோகும். நெறி கட்டிவிட்டது என்பார்கள். புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் இச்சொல்லை அறியாத லயம் இராது.

பாதத்திற் புண் இருக்க, இடுப்பருகே ஏன் வீங்க வேண்டும்? இந்தச் சிறு வினாவைப் பின்தொடர்ந்து சென்றால், உடற்கூற்று நூலோடு நாம் நின்றுவிட முடியாது. கடல் தாண்டி மண்டபம் வரை போகவேண்டியிருக்கிறது.

உடலின் திசுக்களிடையே கசியும் நீர் மெல்லிய குழாய்கள் வழியே திரும்பவும் குருதியைச் சென்றடைகிறது. இதுவே நிணநீர். அது போகும் வழியெங்கும் அவரை விதை வடிவிற் சிறு கணுக்கள் அமைந்துள்ளன. மனித உடலில் இத்தகைய நிணநீர்க் கணுக்கள் ஏறத்தாழ 500 முதல் 600 வரை உண்டு. கழுத்திலும் கமக்கட்டிலும் தொடை இடுக்கிலும் அவை கூட்டமாக இருக்கின்றன. கணுவின் புடைத்த பக்கத்திற் பல குழாய்கள் நிணநீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. குழிந்த பக்கத்தால் அது வெளியேறுகிறது. காலிலே நுழைந்த கிருமி முதலில் வந்து சேருமிடம் தொடை இடுக்குத்தான்.

அங்கே நடப்பது வெறும் வடிகட்டல் அன்று. கிளை விரித்த சில கலங்கள் தோலிலேயே கிருமியின் துணுக்குகளைப் பற்றிக்கொண்டு கணுவுக்கு வந்து, அங்குள்ள நிணநீர்க் கலங்களுக்குக் காட்டுகின்றன. கோடிக்கணக்கான அக்கலங்களுள் அந்தக் கிருமிக்குப் பொருந்துபவை மிகச் சிலவே. பொருந்தியவை பெருகத் தொடங்குகின்றன. ஒரு சாரார் கணுவின் வெளிப்பட்டையில் உருண்டைகளாகத் திரண்டு, பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் கலங்களாக மாறுகின்றனர். உட்பட்டையில் உள்ளோர் அவர்களுக்கு உதவுவதோடு, கிருமி குடிகொண்ட கலங்களை அழிக்கவும் புறப்படுகின்றனர். கலங்களை ‘சாரார்’ என்றும் ‘உள்ளோர்’ என்றும் எழுதிவிட்டோம். உழைப்பவரைப் பற்றி எழுதும் பழக்கம் விடவில்லை. நாம் விரலால் தொட்டு அறியும் வீக்கம் இந்தப் பெருக்கமே. நெறி கட்டுதல் பெரும்பாலும் உடல் தோற்றதன் அடையாளமன்று. உடல் வேலை செய்கிறது என்பதன் அடையாளம்.

இந்த அறிவு மிக அண்மையது. 19ஆம் நூற்றாண்டில் விர்ச்சோ முதலான அறிஞர்கள் கணுவை ஒரு தடுப்பு வடியாகவே கண்டனர். நிணநீர்க் கலங்கள் குருதிக்கும் கணுக்களுக்கும் இடையே ஓயாது சுற்றிவருகின்றன என்பதை ஒக்ஸ்போர்ட்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் நிறுவியது 1959க்குப் பின்னரே. ஆகவே, இவ்வரலாற்றில் நாம் அடுத்துக் காணப்போகும் வைத்தியர்கள், தாம் தொட்டுப் பார்த்த கணு என்ன செய்கிறது என்பதை அறியாமலே அதனைத் தொட்டனர்.

1894இல் ஹொங்கொங்கிலே பிளேக் நோயாளிகளின் நெறிக்கட்டியிலிருந்து அந்நோயின் கிருமியை யெர்சின் பிரித்தெடுத்தார். அக்கிருமியின் கொடுமை என்னவெனில், தன்னை விழுங்கும் கலத்தினுள்ளேயே அது உயிர்வாழும். காவல் நிலையமாகிய கணுவையே தன் விளைநிலமாக்கிக் கொள்ளும். கணு குருதி கசிந்து சிதையும்; கிருமி குருதியிற் கலக்கும். 1896இல் நோய் பம்பாயை அடைந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைப் பிறப்பித்தது. புகையிரத நிலையங்களில் ஆண், பெண் பேதமின்றிக் கமக்கட்டும் தொடை இடுக்கும் தடவிப் பார்க்கப்பட்டன. மக்களின் சினம் கொதித்தது. பூனாவிலே பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22ஆம் நாள் சுடப்பட்டார்.

இலங்கைத் தோட்டத் துரைமாருக்கு இக்காலம் நெருக்கடியானது. தேயிலைக்குத் தமிழகத்து உழைப்பு வேண்டும். அந்த உழைப்போடு நோய் வந்துவிடக் கூடாது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் எழுந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்தபின், மண்டபம் பெருவாயிலாயிற்று. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. கங்காணி அழைத்து வந்த குடும்பங்கள் அங்கே சில நாட்கள் நிறுத்தப்பட்டன. உடுப்பும் மூட்டையும் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. அம்மைப் பால் குத்தப்பட்டது. போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டும் அக்காலத்து ஆள்சேர்ப்பின் ஓர் அங்கமாக இருந்தது. காய்ச்சல் உண்டா, நெறி கட்டியிருக்கிறதா என்பதே அந்நாளைய பிளேக் பரிசோதனையின் சாரம். காற்புண்ணால் நெறி கட்டியவன் அந்தச் சில நாட்களை எத்தகைய அச்சத்தோடு கழித்திருப்பான் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் பின்னர் நடந்தது என்ன? 1914 ஜனவரியில் பிளேக் கொழும்பில் வெளிப்பட்டது. அதுவும் நெறி கட்டும் வடிவில் மட்டும் அன்று. நோயுற்ற பலருக்குக் கிருமி நேரே குருதியிற் பரவிற்று. நெறி வெளித்தெரியுமுன்னரே உயிர் போயிற்று. விரலால் தடவித் தேடும் பரிசோதனை இந்த வடிவின் முன் பயனற்றது.

கொழும்பு மாநகர சபையின் நுண்ணுயிரியலாளர் ஹேர்ஸ்ட் பல்லாண்டுகள் எலிகளையும் தெள்ளுகளையும் எண்ணினார். எலித்தெள்ளே நோயைக் கடத்துகிறது என்பதை 1898இலேயே கராச்சியிற் சிமொண்ட் காட்டியிருந்தார். ஹேர்ஸ்ட் மேலும் ஒருபடி சென்று, எல்லா எலித்தெள்ளும் ஒன்றல்ல என்றார். கொழும்பிற் பரவலாகக் காணப்பட்ட தெள்ளினம் நோயைக் கடத்துவதில் வலுக்குறைந்தது. வல்லமை மிக்க மற்றோர் இனமோ கோட்டைக்கு அப்பாலுள்ள புறக்கோட்டையின் தானியக் கிடங்குகளிலே செறிந்திருந்தது. பிளேக் வேரூன்றிய இடமும் அதுவே. கப்பலில் வந்திறங்கிய அரிசி மூட்டைகளோடுதான் அத்தெள்ளு வந்தது. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அந்த அரிசியின்றித் தோட்டங்கள் நடவா. தொழிலாளிக்கு அளந்து கொடுத்துச் சம்பளத்திற் கழித்துக்கொண்டதும் அந்த அரிசியே.

முகாம் முற்றிலும் வீண் என்று நாம் வாதிடவில்லை. நோய்ப்பட்ட ஊரிலிருந்து வரும் மூட்டையிலும் தெள்ளு ஒளிந்திருக்கலாம். தடுப்பு முறை எதுவுமின்றி மக்களை ஏற்றியிருந்தால் அதையும் குற்றமென்றே எழுதியிருப்போம். நமது கேள்வி வேறு. வணிகரின் சரக்கு துறைமுகத்தில் இறங்கிக் கிடங்கேறியது. ஏழையின் உடல் முகாமில் நின்றது. கிடங்கின் தரையை எலி புகாதவாறு கட்டுவதற்குப் பணம் வேண்டும். கூலியின் கமக்கட்டைத் தடவுவதற்கு ஒரு கை போதும்.

1938க்குப் பின் இலங்கையிற் பிளேக் இல்லை. 1939இல் இந்திய அரசு தோட்டத் தொழிலுக்கு ஆள் போவதையே தடைசெய்தது. மண்டபம் முகாமுக்கு மட்டும் வேலை தீரவில்லை. 1948இல் மலையக மக்களின் பெரும்பகுதியினர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டது. தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்கள், பாட்டனும் பாட்டியும் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுப் போன அதே மண்டபத்திலே வந்து இறங்கின. இம்முறை அவர்களிடம் தேடப்பட்டது நெறியன்று, கடவுச்சீட்டு. 1980களில் யுத்தத்துக்குத் தப்பிப் படகேறி வந்தவர்களுக்கும் அந்த முகாமே புகலிடமாயிற்று.