பேன்சியின் ஏழைப் பங்காளி

ஊட்டி மலர்க்காட்சியில், முகம் எழுதியதுபோல் கரும்புள்ளியோடு நிற்கும் பேன்சியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு யாரும் தொட்டியில் வைக்காத ஏழைப் பங்காளி ஒன்று உண்டு: வயல் பேன்சி. தாவரவியலில் வயோலா ஆர்வென்சிஸ்.

ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா இதன் பூர்வீகம். உழுது கிளறிய மண்தான் வேண்டும். புல் மூடிய இடத்தில் தலையெடுக்காது. அதனால் தானியப் பயிரின் களையாகவே பிழைத்தது. ஐரோப்பியக் குடியேறிகளின் வேளாண்மையோடு அட்லாண்டிக்கைத் தாண்டி, இன்று அமெரிக்கா, கனடாவின் கோதுமை வயல்களிலும் சாலையோரங்களிலும் முளைக்கிறது.

அண்ணன்காரனான மூவண்ணப் பேன்சி, வயோலா டிரைகலர், மரியாதையோடு போனது. தாமஸ் ஜெபர்சன் 1767இல் வர்ஜீனியாவின் ஷாட்வெல்லில் அதைப் பயிரிட்டார். அங்கே தோட்டங்களிலிருந்து வேலி தாண்டிக் காட்டுச்செடியானதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் அதை மற்ற இனங்களோடு கலந்து உருவாக்கிய கலப்பினத்தின் வாரிசுதான் ஊட்டிப் பூ.

இரண்டையும் பிரித்தறிய நிறத்தை நம்பக்கூடாது. வயல் பேன்சி பெரும்பாலும் வெளிர்மஞ்சள்தான். ஆனால் மேலிதழில் ஊதா படர்ந்த செடிகளும் உண்டு. பூவைத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் புல்லிதழ்கள் அல்லிதழ்கள் அளவுக்கோ அதைவிடவோ நீண்டிருந்தால் வயல் பேன்சி. அல்லிதழ்கள் தெளிவாக நீண்டிருந்தால் மூவண்ணம். இவை தமக்குள் கலந்து இடைப்பட்ட பிள்ளைகளையும் பெறும், அப்போது கையேடு எழுதியவரே திணறுவார். பேன்சியை அதன் உறவான வயலெட்டிலிருந்து பிரிக்க இதழ்களை எண்ணுங்கள். சாதாரண வயலெட்டில் இரண்டு இதழ் மேலே, மூன்று கீழே. பேன்சியில் நான்கு மேல்நோக்கி, ஒன்று மட்டும் கீழே. அந்தக் கீழிதழின் பின்பக்கக் குழலில்தான் தேன். கீழிதழுக்குத் தனிச் சலுகை தருவது வயலெட் குடும்பத்து வழக்கம். நம்மூர் ஓரிதழ்த் தாமரையும் இதே குடும்பம்தான்.

அமெரிக்காவில் மூன்றாவது ஒன்றும் குழப்பும்: வயோலா பைகலர். இலைக்காம்பின் அடியிலுள்ள செதிலைப் பாருங்கள். வந்தேறிகள் இரண்டிலும் செதிலின் நடுமடல் அகன்று, தனி இலைபோலவே இருக்கும். பைகலரில் அது ஒடுங்கி, செதில் முழுவதும் விரல்விரலாகப் பிளந்திருக்கும். இதையும் ஐரோப்பாவிலிருந்து வந்ததென்றே பலர் நினைத்திருந்தார்கள். 1964இல் யென்ஸ் கிளாசனும் சக ஆய்வாளர்களும் வட அமெரிக்காவின் ஒரே பூர்வகுடிப் பேன்சி இதுதான் என்று எழுதினார்கள். கிளாசனே டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்!

வயல் பேன்சியின் கதை பூர்வீகத்திலும் முடியவில்லை. பாரிஸைச் சுற்றிய வயல்களில் 1990களிலும் 2000களிலும் சேகரித்துச் சேமித்த விதைகளை, அதே இடங்களின் 2021ஆம் ஆண்டு விதைகளோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள் பிரெஞ்சு ஆய்வாளர்கள். 2023இல் முடிவு வந்தது. புதிய செடிகளின் பூ சுமார் 10 சதவீதம் சிறிது, தேன் 20 சதவீதம் குறைவு. வண்டுத்தேனீக்களும் பழைய செடிகளையே அதிகம் நாடின. தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும் வழக்கம் கூடிவிட்டது. வயலில் பூச்சிகள் குறைவதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

கடல் கடந்த கிளையிலும் இதைச் சோதிக்க வேண்டும். வட அமெரிக்காவில் யாரிடமாவது பழைய விதைப் பொட்டலம் இருந்தால், களைதானே என்று எறிந்துவிட வேண்டாம்.